லைசென்ஸ் நம்பர் இல்லாத திருமணச் சான்றிதழ்

எங்கள் திருமணச் சான்றிதழ் ஒன்பது வருடம் பீரோவில் பத்திரமாக இருந்தது. ஓரமெல்லாம் தங்க நிறக் கோடு, மேலே இரண்டு புறாக்கள், நடுவில் மத்தேயு 19:6, கீழே பாஸ்டர் ஐயாவின் கையெழுத்தும் சபையின் ஊதா முத்திரையும். மழையில் நனைந்துவிடக் கூடாதென்று கல்யாணமான வாரமே லேமினேஷன் போட்டு வைத்தோம். 2022 ஜூலையில் என் கணவருக்கு ஷார்ஜாவில் வேலை உறுதியாகி, எனக்கும் பிள்ளைகளுக்கும் குடும்ப விசா எடுக்க அந்தச் சான்றிதழில் அரசுச் சான்றொப்பம் (அட்டெஸ்டேஷன்) வாங்கவேண்டி வந்தது. சென்னையில் ஒரு ஏஜென்சி கவுண்டரில் கொடுத்தேன். அங்கே இருந்த பையன் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். "இதுல பாஸ்டரோட லைசென்ஸ் நம்பர் எங்கக்கா? ரிஜிஸ்டர் பக்க நம்பரும் இல்ல. லேமினேஷன் வேற பண்ணியிருக்கீங்க, முத்திரை எங்க குத்துறது? ரிஜிஸ்டர் ஆபீஸ் சர்டிபிகேட் இருந்தா கொண்டாங்க" என்றான். எங்களிடம் அப்படி ஒன்று இல்லை. 2013 மே மாதம் நானூறு பேர் முன்னிலையில் நடந்த எங்கள் கல்யாணத்துக்கு அரசாங்கத்தின் கண்ணில் ஒரு தாள்கூட இல்லை என்பது அந்த கவுண்டரில் நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அதைச் சரிசெய்ய ஏழு மாதம் ஆனது. கையை விட்டுப் போன பணம் 68,000 ரூபாய்: ரத்தான விமான டிக்கெட் 31,000, வக்கீலுக்கு 15,000, திரும்பி வராத புரோக்கர் முன்பணம் 8,000, மற்றபடி பயணம், பிரமாணப் பத்திரம், சான்றொப்பம் என்று 14,000. இதில் சேராதது பிள்ளைகளின் படிப்பு. வேலை உறுதியாகும்முன்பே அவசரப்பட்டு ஜூனிலேயே டி.சி. (பள்ளி மாற்றுச் சான்றிதழ்) வாங்கிவிட்டோம். ஷார்ஜாவில் கேட்டு வைத்த இடம் போய்விட்டது. இங்கே பழைய பள்ளியில் தலைமை ஆசிரியை முன்னால் நின்று திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். விசா கையில் வரும்வரை பிள்ளைகளின் டி.சி.யைத் தொடாதீர்கள். இதை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் அந்த ஒரு கெஞ்சலாவது இல்லாமல் போயிருக்கும்.

ஒன்பது வருடம் எப்படித் தெரியாமல் போனது என்று எல்லோரும் கேட்டார்கள். காரணம், யாரும் இந்தத் தாளைக் கேட்கவில்லை. ரேஷன் கார்டில் பெயர் ஏறிவிட்டது. பிள்ளைகளின் பிறப்புச் சான்றில் இருவர் பெயரும் இருக்கிறது. என் பாஸ்போர்ட்டிலேயே கணவர் பெயர் உண்டு. 2016 டிசம்பரில் பாஸ்போர்ட் விதிகளை எளிமையாக்கியபோது திருமணச் சான்று கட்டாயம் என்பதை எடுத்துவிட்டார்கள். நான் அதற்குப் பிறகு விண்ணப்பித்தவள். பாஸ்போர்ட்டே வந்துவிட்டதே, இனி என்ன என்ற நிம்மதியில் இருந்தோம். அந்த நிம்மதியை நம்பாதீர்கள். இந்தத் தாளை உண்மையில் கேட்கும் இடங்கள் வேறு: வெளிநாட்டுக் குடும்ப விசா, கணவர் இறந்தபின் ஓய்வூதியம், வாரிசுத் தகராறு. கிறிஸ்தவர்களின் சொத்து 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி பிரியும். உயில் எழுதாமல் இறந்துபோனால், பிள்ளைகள் இருக்கும் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. அந்த மூன்றில் ஒன்றை வாங்க முதலில் சட்டப்படி மனைவி என்று காட்ட வேண்டும். கொழுந்தனாரோடு பங்காளிச் சண்டை வந்த பிறகு இதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

இனி சட்டம். இதை ஒவ்வொரு சபை விசுவாசியும் ஒருமுறையாவது வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்தியாவில் கிறிஸ்தவத் திருமணங்கள் 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்துக்கு உட்பட்டவை. மணமக்களில் ஒருவராவது கிறிஸ்தவராக இருந்து கிறிஸ்தவ முறையில் மணம் நடந்தால், அது அந்தச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிற ஆட்களில் ஒருவரால் நடத்தப்பட வேண்டும். இல்லாவிட்டால் செல்லாது என்று 4ஆம் பிரிவு நேராகவே சொல்கிறது. அந்த ஆட்கள் யார்? பேராயரின் கையால் குருப்பட்டம் பெற்றவர் தம் சபையின் விதிகளின்படி நடத்தலாம். கத்தோலிக்கப் பங்குத்தந்தையும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குருவானவரும் இந்த வகையில் வருவார்கள். ஸ்காட்லாந்து சபையின் குருமார் ஒரு வகை. அடுத்து, 6ஆம் பிரிவின்படி மாநில அரசிடம் உரிமம் வாங்கிய போதகர். பிறகு அரசு நியமித்த திருமணப் பதிவாளர். கடைசியாக, 9ஆம் பிரிவின்படி இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் திருமணச் சான்று வழங்க உரிமம் பெற்றவர். பெந்தெகொஸ்தே சபை, சுயாதீன சபை, வீட்டுச் சபை என்று நம்மில் பெரும்பாலோர் இருக்கிற இடங்களில் பாஸ்டருக்கு 6 அல்லது 9 இரண்டில் ஒன்று இருந்தே ஆக வேண்டும். வேதாகமக் கல்லூரிப் பட்டம் இருக்கலாம், முப்பது வருட ஊழியம் இருக்கலாம், சங்கமாகப் பதிவான சபையாக இருக்கலாம். எதுவும் இந்த உரிமத்துக்கு ஈடாகாது.

6க்கும் 9க்கும் உள்ள வித்தியாசம் சின்னதாகத் தெரியும், ஆனால் கழுத்தை அறுக்கும். 9ஆம் பிரிவு உரிமம் மணமகன், மணமகள் இருவருமே இந்தியக் கிறிஸ்தவர்களாக இருக்கும்போது மட்டும் உதவும். மதம் மாறி வந்தவரும் சட்டத்தின் பார்வையில் இந்தியக் கிறிஸ்தவர்தான், அதில் சிக்கலில்லை. ஆனால் பெண் இன்னும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை, இந்துவாகவே இருக்கிறாள், மாப்பிள்ளை மட்டும் விசுவாசி என்றால் 9ஆம் பிரிவுக்காரர் நடத்தி வைப்பது போதாது. இன்னொன்று, தமிழ்நாடு அரசு கொடுத்த உரிமம் தமிழ்நாட்டு எல்லைக்குள்தான். ஓசூரிலிருந்து பாஸ்டரை அழைத்துக்கொண்டு பெங்களூரு மண்டபத்தில் கல்யாணம் வைத்தால், அங்கே அவருடைய உரிமம் பேசாது. நேரமும் உண்டு: 10ஆம் பிரிவின்படி காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில் மணம் நடக்க வேண்டும். பேராயரின் சிறப்பு அனுமதி போன்ற விலக்குகள் இருக்கின்றன, ஆனால் சுயாதீன சபைகளுக்கு அவை கிடைப்பதில்லை. மாலை 6.30க்கு ஆராதனை என்று பத்திரிகை அடித்து, மாப்பிள்ளை ஊர்வலம் வந்து சேர ஏழேகால் ஆகி, எட்டு மணிக்கு உடன்படிக்கை எடுக்கிற கல்யாணங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து காலையில் வையுங்கள், அல்லது நாலு மணிக்கு வையுங்கள்.

சென்னையிலிருந்து திரும்பியதும் நேராகச் சபைக்குப் போனேன். எங்களுக்குக் கல்யாணம் செய்து வைத்த பாஸ்டர் ஐயா 2019இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார். பாஸ்டரம்மா பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினார்கள். ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம். வரிசை எண் இல்லை, நகல் படி இல்லை. தேதி, பெயர், "கல்யாணம்" என்று ஒரு வரி, பக்கத்திலேயே அந்த வார காணிக்கைக் கணக்கு. ஐயாவுக்கு உரிமம் இருந்ததா என்று கேட்டேன். "அதெல்லாம் பெரிய சபைக்காரங்க வாங்குறது. ஐயா கர்த்தர் அழைச்ச ஊழியம் செஞ்சார்மா" என்றார்கள். அவர்களை நோகடிக்க மனம் வரவில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். அந்த மனிதர்மேல் கோபப்படவும் முடியவில்லை, கோபப்படாமலும் இருக்க முடியவில்லை. என் தகப்பன் ஸ்தானத்தில் நின்று என் கையைப் பிடித்துக் கொடுத்தவர் அவர்.

மூப்பர் ஒருவர் எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்து, "தேவன் இணைச்சதுக்கு மனுஷன் பேப்பர் எதுக்கு சிஸ்டர்?" என்றார். இந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் இத்தனை குடும்பங்கள் இப்படி நிற்பதற்கு வேர் இதில்தான் இருக்கிறது. வேதத்தைத் திறந்து ரூத் நாலாம் அதிகாரத்தைப் பாருங்கள். போவாஸ் ரூத்தை மனைவியாக்கிக்கொள்ளும்முன் பட்டணவாசலில் போய் உட்கார்ந்து, மூப்பரில் பத்துப்பேரைக் கூட்டி, அவளை மணக்க முதல் உரிமை உள்ள உறவினனைச் சாட்சிகளுக்கு முன்பாகப் பேசவைத்து, அவன் உரிமையை விட்டுக்கொடுத்ததற்கு அடையாளமாகப் பாதரட்சையைக் கழற்றிக் கொடுத்த பிறகுதான் காரியத்தை முடிக்கிறான். அந்தக் காலத்துப் பதிவு அலுவலகம் அதுதான். அந்நிய தேசத்திலிருந்து வந்த ஒரு விதவையின் இடத்தை ஊர் நாளைக்குக் கேள்வி கேட்காதபடி அவன் கட்டிவைக்கிறான். மனைவியைப் பாதுகாக்கிற ஒரு தாளை அவிசுவாசம் என்று சொல்ல எந்த வசனமும் எனக்குத் தெரியவில்லை.

சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனேன். 2009ஆம் ஆண்டு தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் அந்த வருடம் நவம்பர் 24இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதற்குப் பிறகு நடந்த எல்லா மதத்துத் திருமணங்களையும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். விட்டால் கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாள். சபைப் பதிவேட்டில் எழுதியாயிற்று, அதனால் இது தேவையில்லை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அது தவறு. வேறு சட்டப்படி ஒரு பதிவேட்டில் ஏறியிருந்தாலும் இந்தப் பதிவும் வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. முறையான உரிமம் உள்ள பாஸ்டர் நடத்திய கல்யாணத்துக்கும், சி.எஸ்.ஐ.யில் மூன்று ஞாயிறு ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்து நடந்த கல்யாணத்துக்கும் இது பொருந்தும். கல்யாணமான மறுவாரமே பதிவுத்துறை இணையதளத்தில் விண்ணப்பம் நிரப்பி, நேரம் வாங்கி, சாட்சிகளோடு போய்விட்டால் அரைநாள் வேலை. எங்களுக்கு அந்த 150 நாளும் எப்போதோ கடந்துவிட்டது. அதற்கும் மேலாக, "சர்ச் சர்டிபிகேட்ல லைசென்ஸ் இல்லையேம்மா, எதை வச்சுப் பதியுறது?" என்ற அதே கேள்வி அங்கேயும் வந்தது.

அலுவலக வாசலில்தான் புரோக்கர் வந்து நின்றார். அவர் சொன்ன வழி ரொம்ப சுலபம். ஒரு கோயிலில் கல்யாணம் நடந்ததாக ரசீது வாங்கிக் கொடுப்பார், இந்து திருமணச் சட்டத்தில் பதிந்துவிடலாம், பத்து நாளில் வேலை முடியும். முன்பணம் 8,000. அன்றைக்கு இருந்த நிலையில் கொடுத்துவிட்டேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் மறைத்தால் நான் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. இரவு கணவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாம இந்துன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும், அப்படித்தானே?" என்றார். காலையில் புரோக்கரிடம் வேண்டாம் என்றேன். பணம் திரும்பி வரவில்லை. விசுவாசத்தை விடுங்கள், சட்டப்படி பார்த்தாலும் அது பெரிய குழி. அந்தச் சட்டம் இரண்டு இந்துக்களுக்கு இடையிலான திருமணத்துக்கு மட்டும். சடங்கு நடக்காமல் வாங்கிய பதிவுச் சான்று திருமணத்தை உண்டாக்காது என்று 2024இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டது. நடக்காத சடங்குக்கு ரசீது வைத்து வாங்கிய சான்றோடு வெளிநாட்டுக்குப் போய், பிறகு யாராவது ஒரு புகார் கொடுத்தால் குடும்பமே தெருவில் நிற்கும்.

இரண்டாவது தூண்டுதல் சபைக்காரர் வேஷத்தில் வந்தது. உரிமம் உள்ள வேறொரு போதகர், தம் பதிவேட்டில் 2013ஆம் ஆண்டுப் பக்கத்தில் எங்கள் பெயரை எழுதித் தருவார் என்றார்கள், காணிக்கை 20,000. இதுவும் பொய்தான். நடைமுறையிலும் மாட்டிக்கொள்ளும். முறையான பதிவேட்டில் வரிசை எண் உண்டு, குறிப்பிட்ட இடைவெளிகளில் அதன் நகல் பதிவுத்துறைக்குப் போய்ச் சேர வேண்டும். அரசிடம் உள்ள நகலில் இல்லாத ஒரு பெயர் சபைப் புத்தகத்தில் மட்டும் முளைத்தால், சரிபார்க்கிற முதல் ஆள் கண்டுபிடிப்பார். அந்தப் போதகரின் உரிமமும் போகும்.

அக்டோபரில் ஒரு வக்கீல் அம்மாவைப் பார்த்தேன். அரைமணி நேரத்தில் வழி சொன்னார்கள். முதலிலேயே அவர்களிடம் போயிருந்தால் மூன்று மாதம் மிஞ்சியிருக்கும். இரண்டு வழி இருக்கிறது என்றார்கள். ஒன்று, இப்போது உரிமம் உள்ளவர் முன்னிலையில் அல்லது பதிவாளர் முன்னிலையில் புதிதாக மணம் செய்துகொள்வது. சான்று கிடைத்துவிடும், ஆனால் தேதி 2022 என்று இருக்கும், எங்கள் பெரியவனுக்கு அப்போது ஏழு வயது. இரண்டாவது வழி, 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. வேறு முறையில் ஏற்கெனவே சடங்கு நடந்து, அன்று முதல் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்கிறவர்கள் அந்தத் திருமணத்தை இந்தச் சட்டத்தின்கீழ் பதிந்துகொள்ளலாம். இதில் 18ஆம் பிரிவை அவர்கள் வாசித்துக் காட்டியபோதுதான் பல வாரங்களுக்குப் பிறகு எனக்கு மூச்சு வந்தது. சடங்கு நடந்த தேதிக்குப் பின் பிறந்த பிள்ளைகளின் பெயர்கள் திருமணச் சான்றுப் புத்தகத்திலேயே எழுதப்படும். அவர்கள் எப்போதும் சட்டப்படியான பிள்ளைகளாகவே இருந்துவந்ததாகக் கொள்ளப்படும்.

15ஆம் பிரிவுக்குத் தேவையானவை: பதிவு நாளில் இருவருக்கும் 21 வயது நிறைந்திருக்க வேண்டும், பெண்ணுக்கும்தான். வேறு கணவனோ மனைவியோ உயிரோடு இருக்கக் கூடாது. சம்மதம் தரும் மனத்தெளிவு வேண்டும். விண்ணப்பிக்கும் தேதிக்கு முன் இருவரும் அந்த மாவட்டத்தில் குறைந்தது 30 நாள் தொடர்ந்து குடியிருந்திருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையில்தான் வெளிநாட்டில் இருக்கும் கணவர்மார் மாட்டுவார்கள். என் கணவர் வேலையில் சேர்வதைத் தள்ளிவைத்துவிட்டு ஊரிலேயே இருந்தார், அதனால் தப்பினோம். ஏற்கெனவே விமானம் ஏறிவிட்டவர் விடுமுறையில் வந்துதான் முப்பது நாளைக் கணக்கு வைக்க வேண்டும். அதன்பின் அறிவிப்புக்காக இன்னொரு முப்பது நாள். ஆகவே வேலை உத்தரவு வரும்முன்பே பெட்டியைத் திறந்து சான்றிதழைப் பாருங்கள். இன்னொரு முக்கியமான தடை, நம் ஊரில் நிறையப் பேருக்குப் பொருந்துவது. அத்தை மகள், மாமன் மகள் இருவருமே அந்தச் சட்டத்தின் விலக்கப்பட்ட உறவுப் பட்டியலில் இருக்கிறார்கள். சொந்தத்தில் கட்டியவர்களுக்கு 15ஆம் பிரிவு வழி அடைபடும். அவர்கள் உரிமம் உள்ள போதகரிடம் இன்றைய தேதியில் மணம் செய்துகொள்வது பற்றித்தான் வக்கீலிடம் பேச வேண்டும்.

நாங்கள் கொடுத்த ஆதாரங்கள்: கல்யாணப் பத்திரிகை, ஆராதனையில் உடன்படிக்கை எடுக்கும்போது எடுத்த இரண்டு போட்டோ, லேமினேஷனை உரித்த சபைச் சான்று, ஆதார், பாஸ்போர்ட், பத்தாம் வகுப்புச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, ஒன்பது வருடம் சேர்ந்து வாழ்கிறோம் என்ற பிரமாணப் பத்திரம். லேமினேஷனை ஒருநாளும் கையால் பிய்க்காதீர்கள். ஓரத்தை இஸ்திரிப் பெட்டியால் லேசாகச் சூடுகாட்டி நூல் நூலாகப் பிரித்தோம், அப்படியும் பாஸ்டர் ஐயாவின் கையெழுத்தில் ஒரு சுழி பிளாஸ்டிக்கோடு போய்விட்டது.

நவம்பரில் கொடுத்த விண்ணப்பம் பெயரால் திரும்பி வந்தது. ஞானஸ்நானத்தில் எனக்கு எஸ்தர் என்று பெயர். சபைச் சான்றிலும் பத்திரிகையிலும் எஸ்தர். ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் பெற்றோர் வைத்த பழைய பெயர். இவரும் அவரும் ஒரே ஆள்தான் என்று பிரமாணப் பத்திரம், கல்யாணத்துக்கு வந்திருந்த இருவரின் வாக்குமூலம் என்று சேர்த்து மறுபடி கொடுக்க ஐந்து வாரம் போயிற்று. கணவருக்கும் இன்ஷியல் தகராறு. ஒரு தாளில் எழுத்து முன்னால், ஒன்றில் அப்பா பெயர் விரிவாகப் பின்னால். கல்யாணத்துக்குத் தயாராகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். ஞானஸ்நானப் பெயரைச் சேர்க்க ஆசையென்றால் முதலில் அரசு ஆவணங்களை மாற்றிவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடும்முன் பதிவேட்டை நீங்களே வாசியுங்கள். பட்டுப்புடவையும் கேமராவும் சுற்றிநிற்கிற அந்த இரண்டு நிமிடத்தில் யாரும் வாசிப்பதில்லை, நானும் வாசிக்கவில்லை.

இந்தப் பெயர் விஷயத்துக்குள் இன்னொரு கனமான விஷயம் இருக்கிறது. சபைகளில் அதைப் பேசப் பயப்படுகிறார்கள், நான் பேசிவிடுகிறேன். பல சபைகளில் முறையான பதிவேடு வைக்காததற்கு ஒரு காரணம், விசுவாசிகளே அதை விரும்புவதில்லை. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்ற தகுதி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினருக்குத்தான். கிறிஸ்தவரான பட்டியல் சாதியினர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். ஆகவே இந்து என்று சாதிச் சான்று வைத்திருக்கும் குடும்பம், கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி பதிந்தால் பிள்ளைகளின் சான்று கேள்விக்குள்ளாகும் என்று அஞ்சுகிறது. அந்த அச்சம் வெறும் கற்பனை இல்லை. 2024 நவம்பரில் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில், ஞானஸ்நானம் பெற்றுச் சபைக்குப் போய்வருகிறவர் சலுகைக்காக மட்டும் இந்து என்று கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாதி ஞானஸ்நானத்தோடு கரைந்துவிடுவதில்லை, கல்லறைத் தோட்டம்வரை கூடவே வருகிறது. அப்படியிருக்கச் சலுகை மட்டும் கரைவது அநியாயம் என்பதே என் எண்ணம். ஆனால் சட்டம் மாறும்வரை, கல்யாண நாளில் மௌனமாக இருந்து பிள்ளைகளைப் பாதுகாத்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். எந்தப் பக்கம் போவதானாலும் கல்யாணத்துக்கு முன்பே வக்கீலோடு உட்கார்ந்து, தெரிந்தே முடிவெடுங்கள். போதகர்கள் இந்தப் பேச்சை மணமக்கள் ஆலோசனையிலேயே எடுக்க வேண்டும்.

டிசம்பர் கடைசி வாரம் விண்ணப்பம் ஏற்கப்பட்டு, அலுவலகப் பலகையில் எங்கள் பெயரும் முகவரியும் ஒட்டினார்கள். ஆட்சேபம் சொல்ல 30 நாள். அந்த முப்பது நாளும் ஒன்பது வருட மனைவி புதிதாகக் கேள்விக்கு நிற்பதுபோல இருந்தது. தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டு, இவங்க இத்தனை நாள் கல்யாணம் பண்ணாமலா இருந்தாங்க என்று கேட்டுவிடுவார்களோ என்று பயந்து, அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டேன். யாரும் கேட்கவில்லை, ஆட்சேபமும் வரவில்லை. ஒருவேளை அதிகாரி பதிய மறுத்தால் 30 நாளுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம், அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சான்று கிடைத்தபின் அதை அரசுச் சான்றொப்பத்துக்கு அனுப்பும் வரிசை: முதலில் மாநில அரசு, பிறகு வெளியுறவு அமைச்சகம், அமீரகம் என்பதால் அதன் தூதரகம். ஹேக் உடன்படிக்கையை (ஒரு நாட்டின் ஆவணத்தை இன்னொரு நாடு எளிதாக ஏற்பதற்கான பன்னாட்டு ஒப்பந்தம்) ஏற்ற நாடுகள் பலவற்றுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரையோடு முடிந்துவிடும். எந்த நாடு என்று முதலிலேயே ஏஜென்சியிடம் சொல்லுங்கள். மூலத்தைக் கொடுக்கும்முன் பதிவு அலுவலகத்திலிருந்து இரண்டு சான்றிட்ட நகல் வாங்கி வையுங்கள்.

கல்யாணம் நிச்சயமான வீடுகளில் செய்ய வேண்டியது ஒரே ஒரு சங்கடமான காரியம்: பாஸ்டரிடம் உரிம ஆணையின் நகலைக் கேட்பது. பத்திரிகை அடிக்கும்முன் கேளுங்கள். "ஐயா, விசாவுக்குக் கேப்பாங்களாம், உங்க லைசென்ஸ் நகல் ஒண்ணு வேணும்" என்று சொன்னால் யாருக்கும் மனம் நோகாது. ஆணையில் அவர் பெயர் இருக்கிறதா, 6ஆம் பிரிவா 9ஆம் பிரிவா, எந்த மாநிலம் என்று பாருங்கள். சபையின் பெயரில் இருக்கிறது, மூத்த பாஸ்டரிடம் இருக்கிறது என்று சொன்னால், அந்த மூத்தவரே வந்து நடத்தி, அவரே கையெழுத்துப் போடட்டும். உங்கள் பாஸ்டர் செய்தி கொடுக்கட்டும், ஜெபிக்கட்டும். அதில் ஒரு குறையும் இல்லை. உரிமம் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை: அதிகாரமில்லாமல் மணம் நடத்தி வைப்பதற்குக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் 68ஆம் பிரிவில் பத்து வருடம்வரை சிறைத் தண்டனை இருக்கிறது. உங்களை நேசிக்கிற விசுவாசிகள் யாரும் புகார் கொடுக்கமாட்டார்கள், அதனால்தான் இத்தனை வருடம் ஓடுகிறது. ஆனால் அதன் பாரத்தைச் சுமக்கிறவர்கள் அந்த விசுவாசிகள்தான். உரிமம் உள்ளவர்கள் பதிவேட்டை வீட்டுப் பெட்டியில் வைக்காமல் சபையின் பொறுப்பில் வைத்து, ஊழியம் மாறும்போது கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். சான்றிட்ட நகல் கேட்டு இருபது வருடம் கழித்து ஒரு விதவை வருவாள்.

ஜனவரி கடைசியில் பதிவு நாள் வந்தது. சிறப்புத் திருமணச் சட்டத்தில் மூன்று சாட்சிகள் வேண்டும். என் அத்தை, கணவரின் நண்பர், மூன்றாவதாகப் பாஸ்டரம்மா. நான் கேட்கத் தயங்கினேன், அவர்களே வருகிறேன் என்றார்கள். வெள்ளைப் புடவையில் ஒன்பது மணிக்கே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி பெரிய புத்தகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, சடங்கு நடந்த தேதி என்று கேட்டார். 2013 மே என்று சொன்னேன், எழுதினார். பிள்ளைகள் பெயர் என்று கேட்டார். பெரியவன் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்ல ஆரம்பித்தேன், நடுவில் குரல் போய்விட்டது. பாஸ்டரம்மா எழுந்து வந்து மேசைமேல் குனிந்து, மிச்ச எழுத்துகளைச் சொன்னார்கள்.